உறை எண் நாற்பத்தொன்று

ஒட்டிய உறைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும்.
தையல் முடிகிற நேரத்தில்
மேலே இருப்பதை எடுத்து
ஓரம் கிழித்து உரக்கப் படிக்க வேண்டும்:
பஞ்சும் துணியும், அல்லது
கண்ணாடி போலொரு படலம், அல்லது
வெள்ளி கலந்த சாம்பல் நிற நுரைத்தகடு.
யாருக்கு எது என்பதில்
டாக்டருக்குப் பங்கில்லை. எனக்கும் இல்லை.

ராயபுரத்துப் பெண்களுக்கு இதை விளக்க
அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.
"சீட்டு குலுக்குற மாதிரியா சிஸ்டர்?" என்றாள்
கர்ப்பப்பை எடுக்க வந்த பிலோமினா.
ஆமாம் என்றேன்.
"எனக்கு எப்பவும் கடைசி மாசந்தான் விழும்"
என்றபடி கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தொன்றாம் உறை அவளுக்குக் கண்ணாடி கொடுத்தது.
பக்கத்துக் கட்டிலில்
சிசேரியன் ஆன நூர்ஜமீலாவுக்குத் துணி.
எதிர் வரிசைக் கோகிலவாணிக்கு வெள்ளி.
"கழட்டினப்புறம் அடகு வைக்கலாமா?"

மே மாதம்.
மின்விசிறி ஒரு கட்டிலின் சூட்டை எடுத்து
அடுத்த கட்டிலுக்குத் தந்துகொண்டிருந்தது.
பிளாஸ்டர் ஓரத்தில் வியர்வை புகுந்து
வயிற்று மடிப்பின் அடியில் ஊறிற்று.
"உனக்கு மட்டும் ஜன்னல் வெச்சிருக்காங்க"
என்று நூர்ஜமீலா குறைப்பட்டாள்.
பிலோமினா நைட்டியை விலக்கி
ஜன்னல் வழியே பார்த்தாள்,
காசிமேட்டில் இருபத்தாறு வருஷம்
வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறியவள்.
"நல்லாத்தான் கீறியிருக்காங்க.
நானா இருந்தா இன்னும் நேரா போட்டிருப்பேன்."

வார்டு சிரித்தது.
சிரித்த எல்லாரும் ஒரே நொடியில்
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

என் படிவத்தில்
சிவப்பு, வீக்கம், கசிவு, வாடை.
வலி, பூஜ்யத்திலிருந்து பத்து வரை:
படுத்திருக்கும்போது எவ்வளவு,
நடக்கும்போது எவ்வளவு.
சிரிக்கும்போது எவ்வளவு என்று
படிவம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் துணியைப் பிரித்தேன்.
சலைன் விட்டு, ஊறவிட்டு,
முளைத்துவரும் முடியோடு ஒட்டியதை
ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்து
ஓரத்திலிருந்து, மெல்ல.
அப்படியும் ஓர் ஓசை வரும்,
ஈரப் போஸ்டர் சுவரை விடுவது போல.
நூர்ஜமீலா "யா அல்லா" என்றாள்.
பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.
ஆறு என்று எழுதினேன்.
கண்ணாடிக்கு அன்று வேலையே இல்லை,
பார்த்தேன், டிக் அடித்தேன், நகர்ந்தேன்.

ஏழாம் நாள் பிலோமினா வரவில்லை.
போனில் பின்னால் ஏலக் கூச்சல்.
"மத்தி வந்திருக்கு சிஸ்டர், நாளைக்கு."
பத்தாம் நாள் வந்தாள்.
காயம் ஆறியிருந்தது, வயிறு வெறுமையாய் இருந்தது.
படலம் எங்கே என்றேன்.
மணிபர்ஸைத் திறந்து,
சோப்பு போட்டுக் கழுவி நாலாக மடித்ததை நீட்டினாள்.
"கவர்மெண்ட் சாமானாச்சே,
திருப்பிக் கேப்பீங்கன்னு."
கழற்றிய தேதி என்ற கட்டத்தில்
கேள்விக்குறி போட்டேன்.

பதினெட்டு மாதம். முந்நூற்றுப் பன்னிரண்டு வயிறுகள்.
திரையில் ஒரு வரைபடம் காட்டி
சீஃப் சொன்னார்:
சீழ் பிடித்ததிலோ தையல் விட்டதிலோ
பெரிய வித்தியாசம் இல்லை.
துணி போதும். துணிதான் மலிவு.

அந்த எண்களை எழுதியது நான்தான்.
ஒன்றும் பொய்யில்லை.

வீட்டில் குளிக்கும்போது
வலது ஓரத்தில் அரிசி மணி போல் தடித்த
என் பதினோரு வருஷத் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன்.
என்ன வைத்துக் கட்டினார்கள் என்பது நினைவில்லை.
பிரித்தவளின் அவசரம் நினைவிருக்கிறது,
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று
யாரிடமோ சொல்லிக்கொண்டே இழுத்தாள்.

டப்பாவில் மூன்று உறைகள் மிச்சம்.
கிழிக்கக் கூடாது, கிழித்தேன்.
துணி. வெள்ளி. துணி.

நாளைக் காலை ஒன்பதாம் கட்டிலுக்கு மூன்றாம் நாள்.
சலைன் பாட்டிலை
முன்கூட்டியே வெந்நீரில் நிறுத்தி வைக்கச் சொல்லி
இரவு டியூட்டிக்காரியிடம்
இரண்டு முறை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.